ஏற்காடு பேய்க்கதையில் செல்போன் கதிர்வீச்சு: எதை எழுதினால் நம்புவார்கள்?

கேள்வி: இருபதாவது_வளைவு

வணக்கம். ஏற்காட்டை வைத்து ஒரு திகில் குறுநாவல் எழுதுகிறேன். காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு டவர் எழும்புகிறது. கீழே லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருப்பவர்களுக்குத் தலைவலி, தூக்கமின்மை, காதுக்குள் இரைச்சல். குருவிகள் செத்து விழுகின்றன. அப்புறம், மலைப்பாதையில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோன மேஸ்திரியின் எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது.

பேய் இருக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை. பேயைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டவர் வேலை தெரிந்த ஒருவர் படித்தால் மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. என் சந்தேகங்கள்:

டவருக்கு நேர் கீழே இருப்பவர்களுக்குத்தான் அதிகக் கதிர்வீச்சா? பனி இறங்கினால் சிக்னல் போகுமா? அழைப்பு வருவதற்கு முன் ரேடியோ கரகரப்பது இன்றைக்கும் நடக்குமா? இறந்தவர் எண்ணிலிருந்து அழைப்பு வர பேய் அல்லாத வழி ஏதாவது உண்டா?

பதில்: அஸ்தம்பட்டி_ஆன்டெனா

முதல் சந்தேகத்திலேயே உங்கள் கதையின் வரைபடம் மாறும். நேர் கீழேதான் குறைவு.

டவரில் தொங்கும் நீளப் பெட்டிகள்தான் ஆன்டெனா. ஒவ்வொன்றும் கதிரைப் படுக்கைவாட்டில் விசிறிபோல வீசும். கீழ்நோக்கிச் சில டிகிரி மட்டும் சாய்த்திருப்பார்கள். அதனால் முக்கியக் கதிர் தரையைத் தொடுவது டவரடியில் இல்லை, சமவெளியில் நூறு இருநூறு மீட்டர் தள்ளி. மலையில் இன்னொரு சங்கதி: எதிர்ச் சரிவு ஆன்டெனாவின் உயரத்துக்கே எழும்பி நிற்கும். அப்படியானால் கதிர் நேராக விழுவது பள்ளத்து லயன் வீடுகளில் அல்ல, எதிரே மேட்டில் இருக்கும் முதலாளி பங்களாவில். இதை நீங்கள் பயன்படுத்தாமல் விட்டால் எனக்கு வருத்தம்தான்.

கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஆன்டெனாவுக்கு 20 வாட் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். அது ஒரே பக்கமாகக் குவிப்பதால் அந்தத் திசையில் சுமார் 50 மடங்கு பெருகி 1000 வாட் போல ஆகும். 10 மீட்டர் தூரத்தில், கதிருக்கு நேர் எதிரே, ஒரு சதுர மீட்டருக்கு 0.8 வாட். 50 மீட்டரில் 0.03 வாட்தான். தூரம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸில் வரம்பு 0.45 வாட், 1800-இல் 0.9 வாட். அதாவது ஒரு மொட்டைமாடி ஆன்டெனாவின் முகத்துக்கு முன்னால், அதே உயரத்தில், பத்து மீட்டரில் ஜன்னல் இருந்தால் புகார் நியாயமானது. டவர் நிற்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. ஆன்டெனாவின் அடிப்பக்கம் வருவதே நூறில் ஒரு பங்கு, கான்கிரீட் தளம் அதையும் குறைக்கும்.

சேலத்தில் அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் ஒன்றைக் கவனிக்கலாம்: மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்குத் தலைவலி வராது, எதிர்வீட்டுக்காரருக்குத்தான் வரும். கதிர் போகும் திசையும் அதுவே என்பதால் ‘கதிர்தான் காரணம்’ என்பவரும் ‘வாடகை கிடைக்காத எரிச்சல்’ என்பவரும் தங்கள் வாதத்தில் ஜெயித்த மாதிரி ஆகிவிடுகிறது!

உங்கள் பாத்திரங்களில் ஒருவர் சண்டை போடுகிறவர் என்றால், அவர் செய்ய வேண்டியது தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் அந்த டவரைத் தேடுவது. 4000 ரூபாய் கட்டினால் வந்து அளந்து காட்டுவார்கள். லயன் வீட்டில் நாலாயிரம் புரட்டுவதே ஒரு அத்தியாயம்.

பனி: மூடுபனியால் சிக்னல் அறாது. 900 முதல் 2300 மெகாஹெர்ட்ஸ் வரை பனித்துளி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இலைகள் கொஞ்சம் விழுங்கும், சில்வர் ஓக் அடர்த்தியாக இருந்தால் இன்னும் கொஞ்சம். உண்மையில் மலையில் சிக்னல் சாவது மழைக்காற்றில் கரண்ட் போகும்போது. டவரடியில் 48 வோல்ட் பேட்டரி வரிசை சில மணிநேரம் தாங்கும். அதற்குள் டீசல் வராவிட்டால் டவர் படுத்துவிடும். டவருக்கு டவர் போடும் மைக்ரோவேவ் இணைப்பு மட்டும் கனமழையில் தடுமாறும். அப்போது போனில் கோடுகள் நிறையக் காட்டும், ஆனால் அழைப்பு போகாது. முழு சிக்னல், ஆனால் ஊரே ஊமை. பனியை விட இது பயம்.

பதில்: பகோடா_பாயிண்ட்

குருவிக்கு வருகிறேன். அதை எடுத்துவிடுங்கள். ‘2.0’ படம் 2018-இல் வந்த பிறகு குருவியும் டவரும் ஒன்றாக வந்தாலே வாசகருக்கு அக்ஷய் குமார் முகம்தான் வரும். வெளியீட்டுக்கு முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம், படம் அறிவியலுக்குப் புறம்பான பயத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அதைவிட நல்ல விளம்பரம் யார் கொடுப்பார்கள்.

உண்மை நிலவரம்: 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையின்படி, சிட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் 25 ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. பூச்சி குறைந்தது, ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்து கூடு கட்ட இடுக்கு இல்லாமல் போனது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அதுவும் ஏற்காட்டுத் தோட்டத்தில் கதை என்றால் குருவியை விட வேறு பறவைகள்தான் அதிகம் கண்ணில் படும்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை_வாசகி

கதைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

செல்போன் திகில் கதைகளில் மூன்று பயங்கள் கலந்து கிடக்கின்றன. உங்கள் கதைச்சுருக்கத்தில் மூன்றும் இருக்கின்றன, அதுதான் சிக்கல். ஒன்று அலை பற்றிய பயம்: கண்ணுக்குத் தெரியாத ஏதோ உடம்புக்குள் போகிறது. இரண்டு, செய்தி பற்றிய பயம்: கேட்டால் ஆபத்து. மூன்று, எதிர்முனையில் யார் என்ற பயம்.

உடல்நல பயம் நேரடியாக எதிரொலிப்பது முதலாவதில் மட்டும். ஆனால் உலகம் நினைவில் வைத்திருக்கும் கதைகள் மற்ற இரண்டையும் சேர்ந்தவை. ஸ்டீபன் கிங்கின் ‘செல்’ 2006-இல் வந்தது. அதில் போனில் வரும் ஒரு துடிப்பு, அந்த நேரத்தில் போனைக் காதில் வைத்திருந்தவர்களின் புத்தியை அழிக்கிறது. தப்பிக்கும் நாயகனிடம் போனே இல்லை. அங்கே கெடுப்பது கதிர்வீச்சு இல்லை, போனில் வந்த ஒன்று. 2003-இல் வந்த ஜப்பானியப் படம் ‘சாகுஷின் அரி’யில் ஒருவருக்குத் தன் சொந்த எண்ணிலிருந்தே, வரப்போகும் தேதியிட்ட குரல் பதிவு வருகிறது. அதில் தன் சாவுக் குரல்.

கதாசிரியர்களை முந்திக்கொண்டு வதந்தியும் இதையே செய்திருக்கிறது. 2004-இல் நைஜீரியாவில் குறிப்பிட்ட எண்களிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் சாவு என்று பரவி, நிறுவனங்கள் மறுப்பு வெளியிட வேண்டி வந்தது. 2007-இல் பாகிஸ்தானில் அதே கதை. அங்கே ‘அதிர்வெண் மூலம் மூளையில் ரத்தம் கசியும்’ என்றும் ஒட்டுப்போட்டார்கள். பேய்க்கதைக்கு அறிவியல் சட்டை மாட்டினால் அது நிறையத் தூரம் போகும். பழைய கம்பித் தொலைபேசியையும் விடவில்லை, 1889-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று தொலைபேசியால் காதுக்கோளாறு வருவதாக எழுதியது.

ஆகவே டவரை வில்லனாக வைக்காதீர்கள். டவர் மேல் மக்களுக்குள்ள பயத்தைக் கதையாக வையுங்கள். மேஸ்திரியின் அழைப்பை அந்தப் பயத்தோடு கட்ட வேண்டாம், தனியாக விடுங்கள். வாசகரே கட்டிக்கொள்வார்.

இருபதாவது_வளைவு

குருவியை எடுத்துவிட்டேன். பங்களா யோசனை அருமை. ஆனால் தலைவலிக்கு என்ன செய்வது? டவர் வந்ததும் லயன் முழுக்க நோய் என்பதுதான் முதல் பாதி. அது ‘சும்மா மனப்பிரமை’ என்று முடிந்தால் ஏமாற்றமாக இருக்குமே.

பதில்: சூரமங்கலம்_மருந்துக்கடை

மனப்பிரமை என்ற சொல்லை எந்த டாக்டர் பாத்திரமும் சொல்ல வேண்டாம். வலி நிஜம். காரணம்தான் வேறு.

அலையால் தங்களுக்கு உடம்பு கெடுகிறது என்று நம்புகிறவர்களை வைத்துப் பல சோதனைகள் நடந்திருக்கின்றன. கருவி ஓடுகிறதா இல்லையா என்று சோதிக்கப்படுபவருக்குத் தெரியாது, பலவற்றில் சோதிப்பவருக்கும் தெரியாது. 2005-இல் ரூபின் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அப்படிப்பட்ட 31 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓடுகிறதா என்பதைச் சோதிக்கப்பட்டவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் ஓடுவதாக நினைத்தபோது தலை உண்மையாகவே வலித்தது. 2013-இல் இன்னொரு ஆய்வு: முதலில் சிலருக்கு வைஃபை ஆபத்து பற்றிய ஆவணப்படமும் மற்றவர்களுக்கு வேறு படமும் காட்டிவிட்டு, பிறகு எல்லோரையும் போலி அலையில் உட்காரவைத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பதற்றம், கைகால்களில் குறுகுறுப்பு, கவனச்சிதறல்.

உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமானது 2009-இல் ஜொகன்னஸ்பர்க்கின் கிரேகாவன் பகுதியில் நடந்தது. புதிய டவரால் தடிப்பு, தலைவலி, தூக்கமின்மை என்று மக்கள் கொதித்தார்கள். டவரைப் பல வாரங்களுக்கு முன்பே அணைத்துவிட்டோம் என்று நிறுவனம், மக்களோடு நடந்த கூட்டத்துக்குப் பின் சொன்னது. மக்கள் அதை நம்பவில்லை என்பது கதையின் மீதி.

இரண்டாவது காரணம் எளிமையானது, யாரும் எழுதுவதில்லை: டீசல் ஜெனரேட்டர். கரண்ட் அடிக்கடி போகும் மலையில் டவரடி ஜெனரேட்டர் ராத்திரியில் ஓடும். டவரடிக் கருவிப் பெட்டியின் குளிர்விசிறி இருபத்து நான்கு மணிநேரமும் உறுமும். தாழ்ந்த சுருதி ஒலி தகரக் கூரையில் நன்றாக ஏறும். தூக்கம் போனால் காலையில் தலைவலி, ‘காதுக்குள் இரைச்சல்’. புகைபோக்கி லயன் பக்கம் திரும்பியிருந்து ஜன்னலும் சாத்தியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கும். அது தலைவலி, குமட்டல், மயக்கம் எல்லாம் தரும், அளவு கூடினால் கொல்லும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் சரியாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கதையில் எல்லோரும் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, கொலைகாரன் தரையில் புகைந்துகொண்டிருக்கட்டும்.

புற்றுநோய் பற்றி யாராவது பாத்திரம் பேசினால் இரண்டு விவரங்கள் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2011 மே மாதம் ரேடியோ அலையை 2பி பிரிவில் போட்டது. ‘சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் போதாது’ என்ற பிரிவு அது, கற்றாழையின் முழு இலைச்சாறும் அதில்தான் இருக்கிறது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட தொகுப்பாய்வு, 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு, செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. எக்ஸ்-கதிர் மாதிரி மரபணுவை உடைக்கும் என்று வசனம் வைக்காதீர்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு இருக்கும் ஆற்றல், எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையானதில் 25 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சூடாக்கும், அதுவும் மிகக் கொஞ்சம். பேசும்போது காது சுடுவது பெரும்பாலும் பேட்டரியும் பிராசசரும் சூடாவதால்தான்.

போனால் உண்மையில் வரும் ஆபத்து உப்பிய பேட்டரி. தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லை.

பதில்: அஸ்தம்பட்டி_ஆன்டெனா

மருந்துக்கடை சொன்னதோடு ஒன்று. டவரின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தால் டவர் ஓடுகிறது என்று பாத்திரம் நினைக்கட்டும். தவறு. அது விமானங்களுக்கான விளக்கு, அலை அனுப்பாத டவரிலும் எரியும். ஓடுகிறதா என்று தெரிய, போனில் ‘சிம் நிலை’ பக்கத்தில் சிக்னல் எண்ணைப் பார்க்க வேண்டும். 4ஜியில் மைனஸ் 80 டிபிஎம் நல்ல சிக்னல், மைனஸ் 100 சுமார், மைனஸ் 120-ஐ நெருங்கினால் அழைப்பு அறும். புது டவரின் காலடியில் நின்றும் மைனஸ் 115 காட்டினால் அந்த டவர் இன்னும் பிறக்கவே இல்லை. உங்கள் முதல் பாதியின் திருப்பத்துக்கு இந்த ஒரு எண் போதும்.

லயன்காரர்கள் டவரை விரட்டிவிட்டால் அவர்கள் தலைக்குப் போகும் அலை குறையாது, கூடும். சிக்னல் பலவீனமானால் போன் தன் சக்தியை ஏற்றும். 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட், நல்ல சிக்னலில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. மலைப்பாதையின் வளைவுகளில் பேட்டரி வேகமாக இறங்குவதும் இதனால். ‘கதிர்வீச்சு தடுப்பு ஸ்டிக்கர்’ விற்கும் ஆள் ஒருவரைக் கதையில் விடலாம். ஸ்டிக்கர் ஒன்றும் செய்யாது, ஒருவேளை ஆன்டெனாவை உண்மையாகவே மறைத்தால் போன் இன்னும் சத்தமாகக் கத்தும்.

ரேடியோ கரகரப்பு: அது 2ஜியின் குணம். 2ஜி போன் ஒரு நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பும், உச்சத்தில் 2 வாட். அந்தத் துடிப்பு பக்கத்து ஸ்பீக்கரின் வயரில் ஏறி ‘டிட்டிடி டிட்டிடி’ என்று கேட்கும், மணி அடிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே. 4ஜியில் அந்தத் தாளம் இல்லை. கதை 2008-இல் நடந்தால் தாராளமாக வையுங்கள். இன்றைக்கு நடந்தால் அழைப்பைப் பெறுபவரிடம் பழைய பட்டன் போன் இருக்க வேண்டும், சிம் ஜியோவாக இருக்கக் கூடாது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது.

பதில்: லேடிஸ்_சீட்_கோர்

கடைசிக் கேள்விக்கு நெட்வொர்க்கின் உட்பக்கத்திலிருந்து. பேயே இல்லாமல் இவ்வளவு கிடைக்கிறது:

போனை முறையாக அணைத்தால் அது ‘போகிறேன்’ என்று நெட்வொர்க்குக்குச் சொல்லிவிட்டுத்தான் அணையும். அதன்பின் அழைத்தால் ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு உடனே வரும். போன் உடைந்தாலோ, பேட்டரி தெறித்தாலோ, பள்ளத்தில் சிக்னல் இல்லாமல் கிடந்தாலோ சொல்ல நேரமில்லை. நெட்வொர்க் அது இருப்பதாகவே நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அழைப்பவருக்குப் பல நொடி அமைதி, பிறகு பெரும்பாலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. மேஸ்திரி மனைவி அழைக்கும்போது இந்த இரண்டில் எது கேட்கிறது என்பதை வைத்தே விபத்தா, யாரோ அணைத்தார்களா என்று விவரம் தெரிந்த ஒருவர் ஊகிக்கலாம். மூன்றாம் நாள் அறிவிப்பு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால்? போன் வெகுநேரம் தலைகாட்டாவிட்டால் நெட்வொர்க்கே அதை அணைந்ததாக எழுதிக்கொள்ளும். காரணம் சாதாரணம், கேட்கிறவருக்கு அப்படி இருக்காது.

அடுத்து, எண்ணின் மறுபிறப்பு. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு விற்கப்படும். மனைவியின் போனில் பெயர் இன்னும் மேஸ்திரிதான். வாட்ஸாப்பில் ஒருநாள் அவர் படம் போய் முன்பின் தெரியாத ஒருவரின் படம் வரும். சாவு நடந்த நாளிலிருந்து 90 எண்ணாதீர்கள். ரீசார்ஜ் முடிந்து, எண் துண்டிக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். திதி முடிந்து சில மாதம் போன பிறகு என்று வைத்தால் பொருந்தும்.

போலீஸ் வாங்கும் அழைப்புப் பட்டியலில் டவர் எண் இருக்கும். லேடிஸ் சீட் மாதிரி சேலத்தைப் பார்த்து நிற்கும் விளிம்பில் போன் சமவெளி டவரைப் பிடித்துக்கொள்ளும், 2ஜி டவர் ஒன்று 35 கிலோமீட்டர் வரை எட்டும். எனவே கடைசி அழைப்பு நேரத்தில் ஆள் சேலம் டவுனில் இருந்ததாகப் பதிவு சொல்லும், உடல் பதினோராவது வளைவில் கிடக்கும்.

அனுப்பாமல் நின்ற செய்தியும் உண்டு. பள்ளத்தில் தட்டிய வாட்ஸாப் செய்தி கடிகாரக் குறியோடு காத்திருக்கும். மீட்புக்குழு போனை மேலே கொண்டுவந்ததும், சிக்னல் கிடைத்த கணத்தில் அது கிளம்பும். ஒரு நிபந்தனை: பேட்டரி இடையில் சாகக் கூடாது. போன் ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தால், திரைப்பூட்டை ரகசிய எண் (PIN) போட்டுத் திறக்கும்வரை வாட்ஸாப் ஓடாது. விபத்துக்கும் மீட்புக்கும் இடையில் ஓர் இரவுக்கு மேல் வைக்காதீர்கள்.

அதே நிலையில் இன்னொன்று நடக்கும். மறுபடி எழுந்து இன்னும் திறக்காத போனில் அழைப்பு வந்தால் மணி அடிக்கும், ஆனால் சேமித்த பெயர் காட்டாது. வெறும் எண் மட்டும். ஸ்டேஷனில் சார்ஜ் போட்ட மேஸ்திரியின் போனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், மேசையில் இருக்கும் ஏட்டுக்கு அது யாரென்று தெரிய வழியில்லை. எடுப்பார். மனைவி பக்கம், கணவர் போனை யாரோ எடுத்துவிட்டார்கள்.

இருபதாவது_வளைவு

இந்தக் கடைசிக் காட்சியை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுபோகிறேன். ஒன்று மட்டும்: ஏட்டு எடுக்கும்போது மனைவியிடம் 2ஜி போன், பக்கத்தில் ரேடியோ. மணி அடிக்கும் முன் கரகரப்பு வருமா?

பதில்: அஸ்தம்பட்டி_ஆன்டெனா

வரும். ஆனால் அழைப்பது மனைவி என்பதால் அவர் பொத்தானை அழுத்திய உடனே வரும். ஏட்டு பக்கம் ஸ்மார்ட்போன் 4ஜியில் இருந்தால் அங்கே ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. ரேடியோவைப் போனிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள், ஒரு மீட்டர் தள்ளினாலே சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும்.